அனுபவம் எப்போது திறமையாகிறது?

ரப்பர் மரத்தின் பட்டையில் பால்குழாய்கள் எல்லா ஆழத்திலும் ஒரே அளவில் இருப்பதில்லை. மேல்பட்டையில் அவை அரிது. உள்ளே போகப் போக அடர்த்தி கூடும். மரத்தைப் பருக்கவைக்கும் வளர்படலத்தை ஒட்டிய இளம்பட்டையில்தான் பால் மிகுதி. ஆகவே பால் வெட்டுகிறவரின் கத்தி அந்தப் படலத்தை நெருங்கவும் வேண்டும், தொடவும் கூடாது. நடுவில் விட்டுவைக்கவேண்டிய பட்டையின் கனம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். விடியுமுன், தலைவிளக்கின் வெளிச்சத்தில், நிரையிலுள்ள நூற்றுக்கணக்கான மரங்களிலும் அந்த ஒரு மில்லிமீட்டரைக் காப்பாற்றிக்கொண்டே போவதுதான் மலேசியாவின் செபராங் பிறைத் தோட்டங்களில் நம் பாட்டிமார் அன்றாடம் பார்த்த வேலை.

ஆவணங்களில் அவர்கள் வெறும் கூலிகள். திறன் பெறாத தொழிலாளர் என்ற பட்டியலில்தான் அவர்களைச் சேர்த்தார்கள். கற்றலைப் பற்றிய அறிவியல் கடந்த நூறாண்டில் கண்டறிந்ததை வைத்துப் பார்த்தால், அந்தப் பட்டியலைப் போட்டவர்களுக்குத் திறன் என்றால் என்னவென்றே தெரியவில்லை.

அதே செபராங் பிறையிலுள்ள ஜுருவில் இன்று அந்த மரங்களைத் தேடித்தான் பார்க்கவேண்டும். நெடுஞ்சாலைச் சாவடி, ஆட்டோ சிட்டியின் கார் கடைகள், சுற்றிலும் புக்கிட் மின்யாக், பிறை, பத்து காவான் தொழிற்பேட்டைகள். ஜுரு தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பெயரில் தோட்டம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பால் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் சில்லுத் தொழிற்சாலையிலும் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையிலும் பகலும் இரவுமாக ஷிப்ட் பார்க்கிறார்கள். முன்னேறவேண்டும் என்ற துடிப்பு அவர்களிடம் நிறைய இருக்கிறது. வார இறுதித் தன்முனைப்புப் பயிலரங்குகளில் மண்டபம் நிறைகிறது. சீக்கிரம் எழு, இலக்கை எழுதிவை, பத்தாயிரம் மணி நேரம் உழை, நீயும் வல்லவனாவாய் என்று சொல்லி அனுப்புகிறார்கள்.

அந்தப் பத்தாயிரம் மணி நேரத்துக்கு மூலம், 1993இல் ஆண்டர்ஸ் எரிக்சனும் இரண்டு சகாக்களும் பெர்லினில் வயலின் படித்த மாணவர்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வு. 2008இல் மால்கம் கிளாட்வெல்லின் புத்தகம் அதை உலகெங்கும் கொண்டுபோனது. போகிற வழியில் முக்கியமான பாதி உதிர்ந்துவிட்டது. பத்தாயிரம் என்பது சிறந்த மாணவர்கள் இருபது வயதுக்குள் தனியே சாதகம் செய்த நேரத்தின் சராசரி. அந்தச் சிறந்த மாணவர்களிலேயே பலர் அதை எட்டியிருக்கவில்லை. எரிக்சன் கடைசிவரை மன்றாடிச் சொன்னது வேறு. அந்த மணி நேரங்களுக்குள் என்ன நடந்தது என்று பாருங்கள் என்றார். ஆசிரியர் ஒரு குறையைக் காட்டுகிறார். மாணவர் அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பத் திரும்ப வாசிக்கிறார். சுருதி விலகினால் காது உடனே சொல்லிவிடுகிறது.

இந்தக் கடைசி வரியில்தான் விஷயம் இருக்கிறது. செய்த வேலை, செய்தவருக்குப் பதில் சொல்கிறதா?

அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் ஏறக்குறைய நூறாண்டுக்கு முன் மிக எளிய சோதனை ஒன்று செய்தார். கண்ணை மூடிக்கொண்டு நாலு அங்குலத்துக்கு ஒரு கோடு போடவேண்டும். அடுத்து இன்னொன்று, அடுத்து இன்னொன்று. எவ்வளவு நீளம் வந்தது என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆயிரக்கணக்கில் கோடு போட்ட பிறகும் முதல் நாள் இருந்த துல்லியமே இருந்தது. ஒவ்வொரு கோட்டுக்கும் சரி அல்லது தவறு என்று ஒரே சொல் சொன்னபோது கை சட்டென்று திருந்தத் தொடங்கியது. செய்யச் செய்யக் கை பழகும் என்று நாம் நம்புவது முழு உண்மை இல்லை. செய்ததன் விளைவு கைக்குத் தெரியவரும்போதுதான் பழகுகிறது.

மண்டைக்குள்ளே நடப்பதும் இதையே சொல்கிறது. கையை அசைக்கும் முன்பே அந்த அசைவு எப்படி முடியும் என்று மூளை ஒரு கணிப்பைச் செய்துவைக்கிறது. விளைவு கணிப்போடு பொருந்தினால் பெரிய மாற்றம் எதுவும் தேவையில்லை. பொருந்தாதபோதுதான் வேலை தொடங்குகிறது. பின்மண்டையில் இருக்கும் சிறுமூளைக்கு அந்த வேறுபாட்டைச் சுமந்துவரும் தனி நரம்பிழைகள் உண்டு என்றும், அவை துடிக்கும்போது அந்த அசைவுக்குக் காரணமான இணைப்புகள் திருத்தப்படுகின்றன என்றும் டேவிட் மார் 1969லும் ஜேம்ஸ் ஆல்பஸ் 1971லும் கோட்பாடு வகுத்தார்கள். ஜப்பானின் மசாவோ இட்டோ பின்னாளில் அதற்குச் சோதனைச் சான்றுகள் சேர்த்தார். 1990களில் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளின் டோபமின் நரம்பணுக்களில் இதற்கு ஒப்பான ஒன்றைக் கண்டார். எதிர்பார்த்த பழச்சாறு கிடைத்தால் அவை சும்மா இருந்தன. எதிர்பாராமல் கிடைத்தால் துடித்தன. எதிர்பார்த்தது வராமல் போனால் அடங்கின. நமக்குள் கற்றலைத் தூண்டுவது வெற்றியோ தோல்வியோ இல்லை, எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் இடையிலுள்ள தூரம்.

இப்போது பால்மரத்துக்குத் திரும்பலாம். கத்தி ஆழம் குறைந்தால் பால் சுணங்கி வடிகிறது. ஆழம் மிஞ்சினால் வளர்படலம் கிழிந்து மரம் காட்டிக்கொடுக்கிறது. சில வினாடிகளுக்குள் பதில் வந்துவிடுகிறது; அதுவும் எந்த மரத்தில், வெட்டுக்கோட்டின் எந்த இடத்தில் என்று விரல் வைத்துக் காட்டும் பதில். அடுத்த மரம் நாலு எட்டு தூரத்தில் நிற்கிறது, திருத்திக்கொண்டு மறுபடி முயல. இதற்கெல்லாம் மேலே மரத்திடம் நீண்டகாலக் கணக்கும் ஒன்று உண்டு. வெட்டிய பட்டை சில வருடங்களில் மறுபடி வளரும். ஒழுங்காக வெட்டிய இடத்தில் வழவழப்பாக வளரும். காயம்பட்ட இடத்தில் முண்டும் முடிச்சுமாக எழும்பி, அடுத்த சுற்றில் கத்தி ஓடவிடாது. வெட்டியவர் எப்படிப்பட்டவர் என்பது அவர் தோட்டத்தை விட்டுப் போன பிறகும் பட்டையில் எழுதியிருக்கும்.

மரத்தைச் சாகடிக்காமல் நாள்தோறும் பால் எடுக்கும் இந்த முறையே அப்படிக் கற்றுக்கொண்டதுதான். சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் தலைவராயிருந்த ஹென்றி ரிட்லி 1890களில் மரங்களை விதவிதமாகக் கீறிப் பார்த்துப் பாலை அளந்தார். புதிது புதிதாக வெட்டுவதைவிட, பழைய வெட்டின் கீழ்விளிம்பை மெல்லச் சீவித் திறந்தால் பால் கூடுகிறது என்று மரம் அவருக்குச் சொன்னது. அவர் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. அதே மரத்திடம் அதே முறையில் கற்றுக்கொண்ட பெண்களின் பெயர்கள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்துப் பதிவேட்டோடு போய்விட்டன. எனக்கு இது வரலாற்றுக் குறை மட்டுமாகத் தெரியவில்லை. தன் குடும்பத்தில் திறன்மிக்கவர் யாரும் இருந்ததில்லை என்று நம்பி வளரும் பிள்ளை, திறன் என்பது வேறு யாருக்கோ உரியது என்றே நினைத்துக்கொள்கிறது.

பதில் சொல்லாத வேலையில் ஆண்டுகள் என்ன செய்யும்? 2005இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் மருத்துவர்களின் பணியனுபவத்தையும் சிகிச்சைத் தரத்தையும் ஒப்பிட்ட 62 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். பாதிக்கும் மேற்பட்டவற்றில், அளந்த எல்லா வகையிலும், ஆண்டுகள் கூடக் கூடத் தரம் குறைந்திருந்தது. அனுபவத்தைத் தெய்வமாகக் கும்பிடும் நமக்கு இது கசப்பான செய்தி. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. மயக்க மருந்து கொடுப்பவருக்கு நோயாளியின் மூச்சும் நாடியும் அடுத்த நிமிடமே பதில் சொல்கின்றன. எக்ஸ்ரே படத்தைப் படித்து அறிக்கை எழுதுகிறவருக்கு, தாம் எழுதியது சரியா என்ற செய்தி பல நேரம் திரும்பி வருவதே இல்லை. உள்ளுணர்வை எப்போது நம்பலாம் என்பதில் பல ஆண்டுகளாக எதிரெதிர் அணியில் நின்ற டேனியல் கானமனும் கேரி கிளைனும் 2009இல் சேர்ந்து எழுதிய கட்டுரையில் ஒத்துப்போன இடம் இது. வேலைச் சூழலில் ஒழுங்கு இருக்கவேண்டும். செய்தவருக்கு விரைவாகவும் தெளிவாகவும் விளைவு தெரியவேண்டும். இரண்டும் இல்லாத இடத்தில் அனுபவம் தன்னம்பிக்கையை மட்டும் வளர்க்கும்.

ஜுரு சாவடியைக் கடந்து காலையில் வேலைக்குப் பறக்கும் மோட்டார் சைக்கிள்களைப் பாருங்கள். லாரியின் பின்னால் ஒட்டிக்கொண்டு போகிறவருக்கு அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. மறுநாளும் நடக்கவில்லை. பத்து வருடமாக நடக்கவில்லை. சாலை அவருக்குத் தினமும் ‘சரி’ என்றே சொல்லிக்கொண்டிருக்கிறது, அது பொய் என்றாலும். நேரத்தோடு போய்ச் சேர்ந்தோம் என்ற பரிசும் கையில் கிடைக்கிறது. மலேசியச் சாலைகளில் உயிரிழப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். இப்படிப்பட்ட வேலைகளில் விளைவு வரும்வரை காத்திருந்து கற்க முடியாது. இடைவெளி எத்தனை வினாடி என்று எண்ணிப் பார்ப்பதுபோல, செயலையே அளக்கவேண்டும்.

தொழிற்சாலை, உடனே பதில் சொல்லும் பால்மரத்துக்கும் பொய்ப் பதில் சொல்லும் சாலைக்கும் நடுவில் இருக்கிறது. 1972இல் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிப மண்டலம் திறந்தது. அதே ஆண்டு இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையைப் பினாங்கில் தொடங்கியது. அன்று சில்லுக்கும் வெளிமுனைக்கும் இடையே, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை நுண்ணோக்கி வழியே பார்த்து ஒட்டியவர்கள் இளம்பெண்கள். ஒட்டு பிடித்ததா என்று அறிய ஒரு சிறு கொக்கியால் கம்பியை இழுத்து, எந்த விசையில் அறுகிறது, எந்த இடத்தில் அறுகிறது என்று பார்ப்பார்கள். சோதித்த கம்பி பாழாகிவிடும். ஆகவே சில மாதிரிகளை மட்டும் எடுத்துச் சோதிப்பார்கள். இதைப் பால்மரத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். பதில் தாமதமாக வருகிறது, கூட்டத்துக்கு மொத்தமாக வருகிறது. பல நேரம் வேலை செய்தவரின் மேசைக்கு வராமல் மேலாளரின் அறையோடு நின்றுவிடுகிறது. இப்போது ஒட்டும் வேலையை இயந்திரம் செய்கிறது, இயந்திரத்தைக் கவனிப்பது ஆளின் வேலை. பதில் வரும் பாதை இன்னும் நீண்டுவிட்டது. ஒரு கோணலுக்காகத் திருகைச் சரிசெய்தவருக்கு, அது உண்மையிலேயே கோணலைத் தீர்த்ததா, இல்லை அடுத்த ஷிப்ட்காரர் செய்ததில் தீர்ந்ததா என்று தெரியாமலே போகலாம்.

இங்கேதான் ‘மூன்று வருடத்தில் கற்றேன், அதன்பின் அப்படியே இருக்கிறேன்’ என்ற தேக்கம் வருகிறது. அது சோம்பலால் வருவதில்லை. 1897இல் வில்லியம் பிரையனும் நோபிள் ஹார்ட்டரும் தந்தி ஊழியர்களை ஆராய்ந்தபோது, வேகம் ஏறி ஏறி ஒரு மட்டத்தில் நின்றுவிடுவதைக் கண்டார்கள். தந்தித் தடத்தில் வேலையைத் தக்கவைக்க எவ்வளவு வேகம் போதுமோ, அந்த இடத்திலேயே பலர் ஆண்டுக்கணக்கில் நின்றிருந்தார்கள். வேலைக்குப் போதுமான அளவு வந்ததும் பிழைகள் யார் கண்ணையும் உறுத்துவதில்லை. உறுத்தாதபோது மூளைக்குத் திருத்த எதுவும் இல்லை.

அப்படியானால் குறையை எடுத்துச் சொல்ல ஆள் வைத்தால் போதுமா? தோட்டத்தில் மண்டோர் இருந்தார், தொழிற்சாலையில் சூப்பர்வைசர் இருக்கிறார், இருவரும் சொல்லத்தான் செய்தார்கள். 1996இல் ஆவ்ரகாம் குளூகரும் ஏஞ்சலோ டினிசியும் பின்னூட்டம் பற்றிய 600க்கும் மேற்பட்ட ஒப்பீடுகளைத் தொகுத்தார்கள். சராசரியில் பின்னூட்டம் உதவியது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவற்றில், சொல்லாமல் இருந்திருந்தால் வேலை மேலாக இருந்திருக்கும் என்ற நிலை. அவர்கள் கண்ட முக்கியமான காரணம், சொன்னது எதை நோக்கிப் போனது என்பது. பேச்சு வேலையை விட்டு ஆளை நோக்கித் திரும்பியதும் கேட்பவரின் கவனமும் கையை விட்டுத் தன்மானத்துக்குப் போய்விடுகிறது. திட்டு மட்டும் இப்படிச் செய்வதில்லை, பாராட்டும் செய்கிறது. ‘நீ கெட்டிக்காரன்’ என்பதிலிருந்து அடுத்த வெட்டை எப்படி வெட்டுவது என்று கற்க முடியாது. மரம் யாரையும் திட்டியதில்லை. எந்தச் சாதி, எந்த ஊர், ஆணா பெண்ணா என்று பார்த்துப் பாலை நிறுத்தியதும் இல்லை. பெரட்டில் அத்தனை அவமானங்களைக் கேட்டுவிட்டு நிரைக்குப் போன பெண்கள் அங்கே நிமிர்ந்து நின்றதற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று நம்புகிறேன்.

வேலை தானாகப் பதில் சொல்லாவிட்டால், பதில் வரும் வழியை நாமே வெட்டிக்கொள்ளலாம். அதற்கு நான் அறிந்தவரை மிக மலிவான கருவி ஒரு நோட்டுப் புத்தகம். பழுதுபார்க்கும் டெக்னீஷியன் இயந்திரத்தைத் திறக்கும் முன், கோளாறு எங்கே இருக்கும் என்று தாம் நினைக்கிறாரோ அதை ஒரு வரி எழுதவேண்டும். எவ்வளவு உறுதி என்பதையும் நூற்றுக்கு இத்தனை என்று குறிக்கவேண்டும். திறந்து பார்த்த பின் பக்கத்திலேயே விடை. அவ்வளவுதான்.

முன்கூட்டியே எழுதவேண்டியதன் காரணத்தை பாருக் ஃபிஷ்ஹாஃபும் ரூத் பெய்த்தும் 1975இல் காட்டினார்கள். 1972இல் அமெரிக்க அதிபர் நிக்சன் பெய்ஜிங்குக்கும் மாஸ்கோவுக்கும் போகுமுன், என்னென்ன நடக்கும், எத்தனை வாய்ப்பு என்று இஸ்ரேலிய மாணவர்களிடம் கேட்டு எழுதி வாங்கினார்கள். பயணம் முடிந்தபின், ‘அன்று நீங்கள் என்ன சொன்னீர்கள்’ என்று நினைவுபடுத்திச் சொல்லச் சொன்னார்கள். நடந்தவற்றுக்குத் தாங்கள் முதலில் கொடுத்ததைவிட அதிக வாய்ப்புக் கொடுத்திருந்ததாகப் பலர் நினைவுகூர்ந்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. விடை தெரிந்ததும் நினைவு தன்னைத் திருத்தி எழுதிக்கொள்கிறது. ‘நான் அப்போதே நினைத்தேன்’ என்று நாம் சொல்லும் ஒவ்வொரு முறையும், கற்றலைத் தூண்டியிருக்கவேண்டிய வேறுபாடு சத்தமில்லாமல் அழிந்துபோகிறது. மையில் எழுதியது அப்படி மாறாது.

எழுதி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு வானிலை அறிவிப்பாளர்கள் சாட்சி. கிளென் பிரையர் 1950இலேயே அவர்கள் கணிப்புக்கு மதிப்பெண் போடும் முறையை வகுத்தார். நாள்தோறும் எண்ணாகச் சொல்கிறார்கள், மறுநாள் வானம் விடை தருகிறது. 1970களில் ஆலன் மர்ஃபியும் ராபர்ட் விங்க்லரும் அமெரிக்க அறிவிப்பாளர்களைச் சோதித்தபோது, மழைக்கு 70 விழுக்காடு வாய்ப்பு என்று சொன்ன நாள்களில் கிட்டத்தட்ட 70 விழுக்காட்டு நாள்களில் மழை பெய்திருந்தது. தங்கள் அறிவின் எல்லையை இவ்வளவு துல்லியமாக அறிந்தவர்கள் வேறு துறைகளில் அரிது.

எஸ்பிஎம் பள்ளித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தால் கண்ணுக்குப் பழகி, தெரிந்துவிட்டதுபோல் ஓர் உணர்வு வரும். 2006இல் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் செய்த சோதனையில், நான்கு முறையும் படித்த மாணவர்கள் ஒரு வாரம் கழித்து 40 விழுக்காடு நினைவில் வைத்திருந்தார்கள். ஒரு முறை படித்து, மூன்று முறை புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பார்த்தவர்கள் 61 விழுக்காடு. தங்களுக்கு அதிகம் நினைவிருக்கும் என்று முன்கூட்டி நம்பியவர்களோ, படித்துக்கொண்டே இருந்தவர்கள்.

பதில் ஓயாமல் வந்துகொண்டிருப்பதும் நல்லதில்லை. 1990இல் கேரலி வின்ஸ்டீனும் ரிச்சர்ட் ஷ்மிட்டும் ஒரு கையசைவைக் கற்றுக்கொடுத்தபோது, ஒவ்வொரு முயற்சிக்கும் விடை பெற்றவர்களைவிட, பாதி முயற்சிகளுக்கு மட்டும் விடை பெற்றவர்கள் மறுநாள் நன்றாகச் செய்தார்கள். விடை வராத முயற்சிகளில் தன் பிழையைத் தானே உணரப் பழகவேண்டியிருந்தது. புதிதாக வந்த தம்பியின் தோளுக்குப் பின்னால் நாள் முழுக்க நிற்கும் சீனியர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஷிப்ட் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொன்று சொல்லியாகவேண்டும். தன் நிலையைத் தானே அளக்கும் கருவி பழுதாகிற நேரம் ஒன்று உண்டு, அது தூக்கம் குறையும் நேரம். 2003இல் ஹான்ஸ் வான் டோங்கனும் சகாக்களும் 48 பேரை ஆய்வுக்கூடத்தில் தங்கவைத்துச் செய்த சோதனையில், 14 நாள் இரவுக்கு ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களின் கவனம், ஓரிரு இரவு முழுக்கக் கண்விழித்தவர்களின் அளவுக்குச் சரிந்தது. நாள் ஆக ஆகச் சரிவு தொடர்ந்தது. எவ்வளவு தூக்கக் கலக்கமாக இருக்கிறது என்று கேட்டபோது மட்டும், முதல் சில நாளுக்குப் பின் அவர்கள் பெரிய மாற்றம் சொல்லவில்லை. ‘பழகிவிட்டது’ என்று ஜுருவில் இரவு ஷிப்ட் பார்க்கும் எவரும் சொல்வதைத்தான் அவர்களும் உணர்ந்திருக்கிறார்கள்.

இரவு வேலை முடிந்த காலையிலேயே, ஆள்கள் எல்லாரும் இருக்கிறார்கள் என்ற வசதிக்காகப் பயிற்சி வகுப்பு வைக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. பிழையைப் பிடிக்கும் ஆற்றல் மிகவும் மங்கியிருக்கும் நேரத்தில், பிழை வழியே கற்கவேண்டிய ஒன்றைக் கற்பிக்கிறார்கள். அதே வகுப்பை ஓய்வு நாளுக்கு அடுத்த ஷிப்ட்டின் முதல் மணி நேரத்துக்கு மாற்றினால் கம்பெனிக்குப் பெரிய செலவில்லை. தொழிற்சங்கமோ பாதுகாப்புக் குழுவோ இருக்கும் இடங்களில் இதை ஒரு கோரிக்கையாகவே வைக்கலாம்.